அஞ்சு மணிக்கு வாங்க

முதல் நாள் காலையில் 412 படம் எடுத்தேன். பாதிக்கு மேல் தஞ்சைப் பெரிய கோயில் பின்பக்கமாகச் சாய்ந்து விழப்போவதுபோல் நின்றது. மீதியில் வானம் வெள்ளைத் தாளாக இருந்தது. மதியம் லாட்ஜ் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது, ஆயிரம் வருஷமாக அசையாமல் நிற்கிற கட்டடத்தை ஒரே காலையில் சாய்த்துவிட்டோமே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாற்பத்தாறு வயதில் கேமரா பிடித்தவன் நான். வாங்கினேன் என்று சொல்ல முடியாது. அலுவலக நண்பர் புது மாடலுக்கு மாறியபோது பழையதை என் தலையில் கட்டினார். 18-55 லென்ஸ், ஒரே ஒரு பேட்டரி, ஜிப் பாதியில் நிற்கும் ஒரு பை. ஆறு மாதம் மொட்டைமாடியில் காக்காயையும் காயப்போட்ட வடகத்தையும் எடுத்துப் பழகினேன். யூடியூபில் பார்க்காத பாடம் கிடையாது. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் ஒரு முக்கோணம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். படம் மட்டும் வரவில்லை. எதையாவது பொறுமையாக, ஓடாத ஒன்றை, நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தால் தேவலை என்று தோன்றியது. கல் ஓடாது. கண்ணையும் மூடாது. மாசி மாதத்தில் மூன்று நாள் விடுப்பு கிடைத்ததும் எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன்.

வண்டி விடிகிற நேரத்துக்கு இறக்கிவிட்டது. புத்தியுள்ளவன் பையோடு நேராகக் கோயிலுக்கு நடந்திருப்பான். நான் அறை எடுத்து, குளித்து, ஒரு தூக்கம் போட்டு, இட்லி வடை காபி முடித்துப் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கேரளாந்தகன் திருவாயில், இராஜராஜன் திருவாயில் இரண்டையும் தாண்டி உள்ளே கால் வைத்ததும் முதல் பாடம் உள்ளங்காலில் ஏறியது. மாசி வெயில்தானே என்று நினைத்தது தப்பு. வெறுங்காலோடு சுடுகல்லில் நிற்கிறவன் கோணம் பார்க்க மாட்டான், நிழலைத்தான் பார்ப்பான். அன்று காலை எடுத்த படங்களைப் பின்னால் வரிசையாகப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. கிட்டத்தட்ட எல்லாமே நந்தி மண்டபத்து நிழல், திருச்சுற்று மாளிகை நிழல், விமானத்தை ஒட்டிய நிழல் என்று எங்கெங்கே நிழல் இருந்ததோ அங்கிருந்து எடுத்தவை. கோணத்தை முடிவு செய்தது என் கண் இல்லை, என் கால்.

சாய்ந்த விமானத்துக்கும் காரணம் அதுதான். விமானத்தின் உயரம் சுமார் 60 மீட்டர். அதன் காலடி நிழலில் ஒட்டி நின்றுகொண்டு, லென்ஸை 18-க்குத் திருப்பிவைத்து, கேமராவை அண்ணாந்து தூக்கினால் என்ன ஆகும்? கேமரா சாய்கிற அளவுக்குச் சுவரும் சாயும். பக்கவாட்டுக் கோடுகள் மேலே போகப்போக நெருங்கி, கட்டடம் மல்லாந்து விழும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் கோடும் நிமிரும். அதற்குப் பின்னால் போக வேண்டும். இந்தக் கோயிலில் பின்னால் போக இடத்துக்குப் பஞ்சமே இல்லை. உள்சுற்று ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். வெயிலில் நூறு தப்படி நடக்கச் சோம்பல்பட்டதுதான் படத்தில் தெரிந்தது. லென்ஸ் மேல் பழி போட்டு, இன்னொரு லென்ஸுக்கு விலை விசாரிக்கிற நிலைக்கு வந்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வானம் வெளுத்ததுக்கு வேறு கதை. பளீர் வானமும் நிழல் கல்லும் ஒரே படத்தில் வந்தால் கேமரா திணறும். நிழலில் இருக்கிற கல்லுக்கு அளந்தால் வானம் வெளுக்கும், வானத்துக்கு அளந்தால் கல் கரியாகும். நம் கண் இரண்டையும் ஒருசேரப் பார்த்துப் பழகியிருப்பதால், கேமராவும் பார்க்கும் என்று நம்பிவிடுகிறோம். இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த தொல்லை இல்லை. இதே கோயிலில் 1858-இல் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனிப் படை கேப்டனுக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. மதராஸ் மாகாண அரசு நியமித்த புகைப்படக்காரர் அவர். மெழுகு ஊட்டிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்தார். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல வானம் என்றாலே வெறும் வெளுப்புதான். அவர் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்த்தார். ஃபோட்டோஷாப் எல்லாம் பேரப்பிள்ளை.

ஊரிலிருந்து கிளம்பும் முன் ட்ரைப் எடுத்த தஞ்சைப் படங்களைப் பார்த்திருந்தேன். அவற்றில் என்னைப் பிடித்து நிறுத்தியது விமானமோ நந்தியோ இல்லை, கல்வெட்டு. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற எழுத்தை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக ஆக்கியிருக்கிறார். அதில் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. அதே மாதிரி ஒரு துண்டாவது எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நான் தஞ்சைக்குப் போனதன் உண்மையான காரணம்.

அந்த எழுத்து என் படத்தில் வரவில்லை. தெற்குப் பக்கத்து அடித்தளத்தில் குந்தி உட்கார்ந்து முப்பது படமாவது எடுத்திருப்பேன். கல்லும் ஒரே நிறம், எழுத்தும் அதே நிறம். உச்சி வெயில் மேலிருந்து கொட்டுகிறது. திரையில் பார்த்தால் அம்மை வடு போல ஏதோ புள்ளி புள்ளியாக இருந்தது. காவலாளி ஒருவர் ரொம்ப நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்காமல் வந்துவிட்டார்.

“இப்ப எடுத்தா எழுத்து வராது சார். கல்வெட்டு பாக்க வர்றவங்கள்லாம் காலையிலயோ சாயங்காலமோதான் வருவாங்க. அஞ்சு மணிக்கு வாங்க.” என் காலைப் பார்த்தார். “இங்கயே நின்னீங்கன்னா அதுக்குள்ள கால் வெந்துரும்.”

ஆறு மாத யூடியூபில் கிடைக்காதது அந்த இரண்டு வரியில் கிடைத்தது. அவருக்கு அப்பர்ச்சர் என்றால் என்னவென்று தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். எந்தச் சுவருக்கு எப்போது வெளிச்சம் வரும் என்று தெரிந்திருந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது திரும்பிப் போனேன். பள்ளிச் சுற்றுலாக் கூட்டம். நந்திக்குப் பக்கத்தில் நின்று விமானத்தைப் பின்னணியாக வைத்து எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும். அங்கிருந்து எடுத்தால் விமானம் இருட்டு, முகமும் இருட்டு. காலையில் வந்தால் அதே இடத்தில் முகம் பார்த்த வெளிச்சம் கிடைக்கும். மாலையில் கூட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு தென்மேற்கு மூலைக்குப் போய்விட வேண்டும். அங்கே ஆளே இல்லை. கல் தேன் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

பிறகு தெற்குச் சுவர். காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

மாசியில் சூரியன் நேர் மேற்கில் இறங்காது, கொஞ்சம் தெற்கே ஒதுங்கி இறங்கும். அதனால் தெற்குச் சுவரின் மேல் வெளிச்சம் நேருக்கு நேர் விழுவதில்லை. சுவரை உரசிக்கொண்டு, பலகைமேல் இழைப்புளி போவதுபோல் போகிறது. ஒவ்வொரு உளிவெட்டுக்கும் ஒரு கரை வெளிச்சம், ஒரு கரை இருட்டு. காலையில் அம்மை வடுவாக இருந்தது இப்போது வரியாக நின்றது. முதலில் ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொன்று. யாரோ கல்லுக்குள்ளிருந்து எழுதி வெளியே தள்ளுகிற மாதிரி. புள்ளி வைக்காத எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எனக்குக் கல்வெட்டுப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ‘ட’வும் ‘ப’வும் தெரிந்தன. ஒரு ‘ட’வின் மூலையில் கல் சற்றுச் சிதறியிருந்தது. உளி நழுவியிருக்க வேண்டும். தான் கொடுத்தவை, தன் அக்கா கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன அரசனின் பெயர் எல்லாருக்கும் தெரியும். உளி நழுவியதும் ‘அடடா’ என்றவன் யார் என்று எவருக்கும் தெரியாது. நான் எடுத்தது அந்த ‘ட’வை.

எஃப் 8, ஷட்டர் 125-இல் ஒன்று, ஐஎஸ்ஓ 100. கணக்குக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், இந்த எண்களில் ரகசியம் ஒன்றும் இல்லை. கேமராவையே முடிவு செய்யச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருக்கும். காலையில் அது சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. கை மட்டும் நடுங்கக் கூடாது என்று முழங்கையை முட்டியில் ஊன்றி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்தினேன். அங்குலம் அங்குலமாக நகர்ந்து, ஒரே வரியை ஐந்து விதமாக எடுத்தேன். நாற்பது நிமிஷத்தில் 19 படம்.

அவ்வளவுதான் நேரம். திருச்சுற்று மாளிகையின் நிழல் தரையில் ஊர்ந்து வந்து அடித்தளத்தில் ஏறியது. கீழ் வரி முதலில் அணைந்தது, அப்புறம் மேல் வரி. அண்ணாந்து பார்த்தால் விமானத்தின் மேல் தளங்களில் இன்னும் வெயில் மிச்சம் இருந்தது. எழுத்து மறுபடி கல்லுக்குள் போய்விட்டது. காவலாளியைத் தேடினேன், ஷிஃப்ட் மாறிப் போயிருந்தார்.

மறுநாள் ஆறு மணிக்கே வாசலில் நின்றேன். காலை வெளிச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வெளிச்சம், எடுத்தேன், படம் வந்தது. சொல்ல வேண்டியது நிழலைப் பற்றி. எட்டரை மணிவாக்கில் கோயிலின் பின்பக்கம், மேற்குச் சுற்றில், விமானத்தின் நிழல் முழு நீளத்துக்குத் தரையில் படுத்திருந்தது. ஒரு குடும்பம் அந்த நிழலில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றது. அப்பா பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது. அதான் இதோட அதிசயம்.” பிள்ளைகள் வாயைப் பிளந்து மேலே பார்த்தன. நானும் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கேட்டுத் தலையாட்டிய கதைதான். உச்சிப் பொழுதில் நிழல் அடித்தளத்தை ஒட்டிச் சுருங்கிவிடும், மற்ற நேரத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் போல விழும். நிழலையும் அதற்குள் நிற்கிற அந்த நாலு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். முகம் தெரியாத தூரத்திலிருந்து. இந்த மூன்று நாளில் எடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த படங்களில் அது ஒன்று.

கல்லை விட்டு மனுஷனை எடுத்துப் பார்க்கலாம் என்று துணிச்சல் வந்தது அதற்கப்புறம்தான். தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். சின்னக் கூடம், பலா மரத்தூள் வாசனை, சுவரோரம் குடைந்து வைத்த குடங்கள், இன்னும் வாய் திறக்காத யாளி முகங்கள். பெரியவர் ஒருவர் மெழுகின் மேல் மெட்டு பதித்துக்கொண்டிருந்தார். ஒரு வீணைக்கு 24 மெட்டு. ஒவ்வொன்றையும் அழுத்தி, மீட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, ஒரு நூல் இப்படி ஒரு நூல் அப்படி நகர்த்துகிறார். மீட்டர் கருவி எதுவும் கிடையாது.

“எடுத்துக்கங்க தம்பி. மூஞ்சிய மட்டும் எடுக்காதீங்க. ரெண்டு நாளா சவரம் பண்ணல.”

தலைக்கு மேலே டியூப்லைட். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மேலே டியூப். இரண்டும் கலந்து அவர் கை ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் வந்தது. லைட்டை அணைக்கலாமா என்று கேட்டேன். “அணைச்சிட்டா நான் எப்படி மெட்டு வைக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. வெளியூர்க்காரன் ஒருவனின் படத்துக்காக அவர் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேசாமல் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு மின்சாரம் போனது. அவர் அலட்டிக்கொள்ளாமல் வீணையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்து வேலையைத் தொடர்ந்தார்.

ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினேன். ஷட்டர் 60-இல் ஒன்று. முகம் வேண்டாம் என்று அவர் சொன்னது என்னைக் காப்பாற்றிவிட்டது. முகத்தை எடுத்திருந்தால் நூறு பேர் எடுத்த ‘கைவினைஞர்’ படம்தான் வந்திருக்கும், சுருக்கமும் வெள்ளை மீசையுமாக. கையை மட்டும் பார்க்க வேண்டிவந்ததால் கட்டைவிரல் நகத்துக்குள் ஒட்டியிருந்த கறுப்பு மெழுகு கண்ணில் பட்டது. மெட்டின் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாக மின்னியது. சரியான சுருதி விழுகிற நொடியில் அவருடைய சுண்டுவிரல் லேசாகத் தூக்கிக்கொள்கிறது. மூன்று நாலு தடவை பார்த்த பிறகுதான் அது எனக்குப் பிடிபட்டது. அடுத்த மெட்டுக்கு முன்கூட்டியே காத்திருந்து அழுத்தினேன்.

கிளம்பும்போது படத்தைத் திரையில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவர், “அந்த மெட்டு ஒரு இழை ஒசந்திருக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார், சரிசெய்ய. பின்னால் இரண்டு படங்களை பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் தாராசுரம். கும்பகோணம் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் சுருட்டிக் கிடந்தது. இறங்கிப் போய் ஐராவதேசுவரர் கோயிலின் கல்தேரையும் குதிரையையும் சக்கரத்தையும் ஆசை தீர எடுத்தேன். நாற்பது படம் ஆன பிறகு திரையைப் பார்த்தால் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. பட்டறையில் ஏற்றிய ஐஎஸ்ஓ 1600 அப்படியே இருந்தது! அந்த வெயிலுக்கு என் கேமராவின் வேகமான ஷட்டரே, அதாவது 4000-இல் ஒன்றுகூட, போதவில்லை. புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் இதை ஒரு தடவையாவது செய்வார்கள் என்று நண்பர் சொல்லியிருந்தார். நான் சிரித்திருந்தேன். இப்போது இரவு படுக்கப் போகும் முன் ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கிவைத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன், வீட்டில் கேஸை மூடுகிற மாதிரி.

அந்த எரிச்சலில் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுச் சும்மா சுற்றினேன். இரண்டாம் இராஜராஜன் காலத்துக் கோயில் இது. தஞ்சையைப் போல மிரட்டாது, கிட்டே கூப்பிடும். அடித்தளத்தில் அறுபத்துமூவர் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள், குனிந்துதான் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் காளையும் யானையும் ஒட்டி நிற்கிற சிற்பம் ஒன்று. ரிஷபகுஞ்சரம் என்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. உள்ளங்கையால் யானையின் உடலை மறைத்தேன், காளை நின்றது. காளையின் உடலை மறைத்தேன், அதே தலை யானையாகித் துதிக்கையைத் தூக்கியது. கொம்பும் துதிக்கையும் அதே வளைவுதான்.

பத்து நிமிஷம் கையால் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த ஒரு பெண் தன் பிள்ளைக்கும் அப்படியே காட்டிக்கொடுத்தார். எட்டு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு சிற்பி, எதை உள்ளே வைப்பது எதை வெளியே விடுவது என்ற விளையாட்டைக் கல்லிலேயே ஆடிவிட்டுப் போயிருக்கிறான். நான் 412 படத்திலும் எல்லாவற்றையும் உள்ளே வைத்திருந்தேன். நந்தி, விமானம், கொடிமரம், சுற்றுலாக் கூட்டம், குப்பைத்தொட்டி, மின்கம்பி. கேமராவை மறுபடி எடுத்து அந்தச் சிற்பத்தை இரண்டு படமாக எடுத்தேன். ஒன்றில் காளை, ஒன்றில் யானை. முழுச் சிற்பத்தை எடுக்கவே இல்லை.

கும்பகோணத்தில் டிகிரி காபி குடித்துவிட்டு இரவு வண்டி ஏறினேன். மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு அழிக்க ஆரம்பித்தேன். மயிலாடுதுறை வருவதற்குள் பாதி போய்விட்டது. சென்னை வந்தபோது மிஞ்சியது 11. அதில் 4 தெற்குச் சுவரில் எடுத்தவை. மூலை சிதறிய அந்த ‘ட’ இப்போது என் மேஜைக்கு எதிரே எட்டங்குலச் சட்டத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள், எழுத்து என்றால் நம்புவதில்லை.

மாசியில் தஞ்சாவூர் போகிறவர்கள் காலையில் நந்திப் பக்கம் நில்லுங்கள், மாலை ஐந்து மணிக்குத் தெற்குச் சுவருக்கு வந்துவிடுங்கள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தொல்லியல் துறையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் அதை உள்ளே விட மாட்டார்கள்.